மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் எழுந்தது நீ அல்ல, எழினி.
பால்.

விடியப்புறம் ஐந்து மணி.
வூப்பர் ஆற்றுக்கு மேலே
முதல் தொங்குரயில் உரசிக்கொண்டு போனது.
சட்டை நனைந்து விழித்தேன்.
உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.
கடை பூட்டியது தெரியாத வேலையாள் போல
அது தன்பாட்டில் வேலைக்கு வந்துவிட்டது.

மருத்துவிச்சி ஹெல்விக் கோவா இலை கொண்டுவந்தாள்.
குளிர்பெட்டியில் வைத்த இலைகள்.
நரம்பை நசித்து நசித்து
மார்பில் வைத்துக் கட்டினாள்.
இரண்டு கிழமையில் வற்றும் என்றாள்.
பதினொரு நாளில் வற்றியது.
அதற்கும் அழுதேன்.

பேசாலையிலிருந்து அக்கா கேட்டாள்:
"பிள்ளைக்குத் தண்ணி வார்த்தவையோ?"

இல்லை அக்கா.
மூச்சில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லையாம்.
ஆஸ்பத்திரிப் பாதர் ஆசீர் மட்டும் தந்தார்.
நெற்றியில் சிலுவை போட்ட பெருவிரல்
பாதியில் நின்று, பிறகு போனது.

ஆனால் தண்ணீர் இருந்தது.

ஹெல்விக் கோயில் வாசல் மிதிக்காதவள்.
பதினாறு வயதில் விட்டுவிட்டேன் என்று
அவளே சொல்லியிருக்கிறாள்.
வெள்ளைப் பேசினில் தண்ணீர் பிடித்து
சட்டைக் கையைச் சுருட்டி
முழங்கையை விட்டுப் பார்த்தாள்.
சூடு கூடிவிட்டது.
கொஞ்சம் பச்சைத் தண்ணீர் சேர்த்தாள்.
மறுபடி முழங்கை.
பிறகுதான் உன்னை இறக்கினாள்,
கழுத்தைத் தாங்கி.

யாருக்குச் சுடும் என்று பார்த்தாள்?
நான் கேட்கவில்லை.
அன்றைக்கு என்னிடம் மிஞ்சியிருந்த விசுவாசம்
அந்த முழங்கை அளவுதான்.

உன் பெயரைப் பதிய அப்பா தனியே போனார்.
'ழ'வுக்கு எந்த எழுத்து என்று
அலுவலகப் பெண் கேட்டாளாம்.
என்ன பொருள் என்றும் கேட்டாளாம்.
திரை என்றாராம்.
யன்னலுக்குப் போடுகிறதா?
இல்லை, கூத்துத் தொடங்க முன்
கட்டுகிற திரை.
அவள் கொஞ்ச நேரம் பேனையைப் பார்த்துவிட்டு
முத்திரை குத்தினாள்.
அந்தத் தாளோடு அப்பா
பாணும் வாங்கிக்கொண்டு வந்தார்.
நாங்கள் சாப்பிட்டோம். பசித்தது.

இரவில் செபமாலையை அவர்தான் தொடங்குவார்.
முற்பாதி அவருக்கு, பிற்பாதி எனக்கு.
வயிற்றின் கனி என்ற இடம்
முற்பாதியில் இருக்கிறது.
கண்ணாடிச் சாமானோடு படி இறங்குகிறவர் போல
அந்தச் சொல்லை அவர்
என்னைக் கடந்து கொண்டுபோவார்.

ஓகஸ்டில் கேவலார் போனோம்.
பஸ் நிறையச் சனம். புளிச்சாத வாசம்.
பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்:
"எத்தினை பிள்ளையள்?"
"ஒண்டு."
"கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"
"முந்திப் போயிட்டா."
இறங்கியதும் அவள் நிமிர்ந்து
முன்னால் போகிற கூட்டத்தில் தேடினாள்.
நானும் தேடினேன்.

இவ்வளவு சனம் நடந்து வருகிற மாதாவின் படம்
என் உள்ளங்கையில் அடங்கிவிடும்.
சண்டை பிடிக்கத்தான் வந்திருந்தேன்.
உம்முடைய மகனுக்கு
முப்பத்து மூன்று வருசம், அம்மா.
என்னுடையவளுக்கு
முப்பத்தாறு கிழமை, அதுவும் இருட்டில்.
இவ்வளவும் சொல்ல வாய் திறந்தால்
பழக்கத்தில் பிற்பாதி வந்தது.
இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும்.
அங்கே நின்றுவிட்டேன்.
எத்தனை ஆயிரம் தரம் சொன்ன சொல்.
உனக்கு அவை இரண்டும்
ஒரே நேரம், எழினி.
உனக்காகவே யாரோ முன்கூட்டி எழுதிவைத்ததா?
எனக்குத் தெரியாது.
ஆறுதல் என்று சொல்லவும் மாட்டேன்.
மறுபடி சொன்னேன், அவ்வளவுதான்.

பின்னால் நின்ற பையனின் மெழுகுதிரி
என் முழங்கையில் சொட்டியது.
"சொறி அன்ரி" என்றான்.
சுடவில்லை என்றேன்.

சுட்டது.